தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடல்மொழி அரங்கு: எங்கே தொடங்குவது?

கேள்வி: ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். 12 பிள்ளைகள். வசனம் இல்லாத உடல்மொழி அரங்கு செய்ய ஆசை. முகமூடி வாங்கக் காசில்லை. இருப்பது ஒரு சீமெந்துத் தரை மண்டபம்தான். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்:

தப்பிலிருந்து, அதாவது உங்கள் தோட்டத்துப் பறையிலிருந்து, தொடங்குங்கள். வீடியோக்களில் வரும் பாரிஸ் முகமூடிப் பயிற்சியெல்லாம் பிறகு வரட்டும். மாசியில் ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் தோட்டமென்றால் அடவு தெரிந்த மாஸ்டர் ஒருவர் அங்கே இருப்பார். அவரைக் கூப்பிட்டு, ரதி மன்மதன் ஆட்டத்தின் கால் அடியை மட்டும் பாட்டில்லாமல் ஒரு கிழமை பழக்குங்கள். கையை அழகாக வீச வேண்டும் என்ற நினைப்பில் பிள்ளைகள் காலைக் கோட்டை விடுவார்கள். அதனால் முதல் மூன்று நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே ஆடட்டும். அடி பிடிபட்டதும் தப்பை நிறுத்திவிட்டு, 16 எண்ணும் வரை சத்தமில்லாமல் அதே தாளத்தில் ஆடச் சொல்லுங்கள். தப்பு திரும்ப விழும்போது 12 காலும் ஒன்றாக விழுந்தால் குழு உருவாகிவிட்டது. முதல் நாட்களில் பெரும்பாலும் முந்தித்தான் விழும், பதற்றம் தாளத்தை விரட்டும்.

மழைக்காலத்தில் தப்பின் தோல் தொய்ந்து பொத்பொத்தென்று கேட்கும். ஒத்திகைக்குக் கொஞ்சம் முன்பு சருகு கொளுத்திக் காய்ச்சுங்கள். நெருப்புக்கு மிகக் கிட்டப் பிடித்தால் தோல் வெடித்துவிடும்.

உங்கள் மண்டபத்துக்குக் குளிரும் சீமெந்தும்தான் எதிரி. உடம்பைச் சூடாக்க 20 நிமிடம் ஒதுக்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கணுக்கால், இடுப்பு, முதுகு, தோள் என்று கீழிருந்து மேலே போங்கள். குதித்து இறங்கும்போது முன்பாதம் முதலில் பட்டு, பிறகு குதிகால் இறங்க வேண்டும். முழங்கால் உள்ளே சாயக்கூடாது. சத்தம் கேட்டால் இறக்கம் பிழை. சீமெந்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்பில் 20 குதிப்புக்கு மேல் வேண்டாம். சாக்கு விரித்தால் வழுக்கும், மேசு போட்ட காலும் அப்படித்தான். வெறுங்கால்தான் பாதுகாப்பு. புல்லில் பழகுவதென்றால் அட்டைக்கு உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

இனி முகமூடி. எந்த உணர்ச்சியும் காட்டாத நடுநிலை முகமூடிப் பயிற்சியைப் பரப்பிய ஜாக் லெகொக், 1956இல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்குமுன் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். அவருடைய முகமூடிகளைத் தோலில் செய்து கொடுத்தவர் இத்தாலியச் சிற்பி அம்லெட்டோ சார்தோரி. நமக்குக் கடதாசி போதும். பலகைமேல் களிமண்ணால் முகம் பிடியுங்கள், உண்மை முகத்தைவிட ஒரு விரல் அளவு பெரிதாக. உதடு லேசாகத் திறந்திருக்கட்டும். வாய்க்கோடி ஒரு நூல் மேலே போனாலும் முகம் சிரிக்கும், கீழே போனால் அழும். இரண்டுமே உதவாது. பத்திரிகையை இரண்டு விரல் அகலத்தில் கிழியுங்கள். கத்தரித்தால் ஓரம் தடித்துத் தெரியும். முதல் படை வெறும் தண்ணீரில், பசை கூடாது. அப்போதுதான் களிமண்ணை விட்டுக் கழன்று வரும். அதன்மேல் பசையோடு ஆறு படை. கொப்பிக்கு உறை போடும் பிரவுண் பேப்பரும் பத்திரிகையும் மாறி மாறி வந்தால் எந்த இடம் விடுபட்டதென்று கண்ணுக்கே தெரியும். ஒரு நாளில் மூன்று படைக்கு மேல் போட்டால் உள்ளே ஈரம் தங்கிவிடும்.

பசைக்கு ஒரு கோப்பை கோதுமை மாவை ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் தண்ணீர் நாலு கோப்பையில் ஊற்றிக் கிண்டுங்கள். ஆனால் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மழையில் மாப்பசை காயுமுன்னே பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களில் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையோடு சரிபாதி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் பசையில் துருசு (மயில்துத்தம்) போடச் சொல்பவர்களும் உண்டு. மூக்கிலும் வாயிலும் படும் சாமானுக்கு அந்த நஞ்சு வேண்டவே வேண்டாம். அடுப்புக்கு மேலே காய வைப்பதென்றால் முதல் நாள் களிமண்ணோடேயே வையுங்கள். உடனே கழற்றினால் கன்னம் உள்ளே வளையும். கண் துளை சிறிதானால் பிள்ளை தரையைப் பார்க்கக் குனிவாள், முழு உடலும் சரிந்துவிடும். நெற்றியிலும் கன்னத்திலும் ஸ்பொஞ்சு ஒட்டினால் மூச்சு போக இடைவெளி கிடைக்கும். நிறம் மண்ணிறம். வெள்ளை பூசினால் பேய்க்கதை ஆகிவிடும்.

பார்ப்பவருக்கு முதுகு காட்டி அணிய வேண்டும், அணிந்தபின் தொடவும் பேசவும் கூடாது. லெகொக்கின் முதல் பாடம் தூக்கத்திலிருந்து விழிப்பது. இன்னொன்று படகுக்கு விடை கொடுப்பது. கடலைப் பார்க்காத பிள்ளைகளுக்கு அது கடைசி பஸ்ஸாக இருக்கட்டும், மூடுபனியில் இறங்கிப் போகிறது. எல்லோரும் முதலில் கையாட்டிச் சோகம் காட்டுவார்கள். கையை நிறுத்திவிட்டு, பஸ் வளைவில் மறையும் கணத்தில் நெஞ்சு எங்கே போகிறது என்று மட்டும் தேடச் சொல்லுங்கள்.

கொழுந்தெடுப்பதை மேடையேற்ற ஆசை வரும். வெறுங்கூடையைத் தொங்கவிட்டுச் சிரித்தபடி ஆடும் கலைவிழா நடனத்தை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். கூடைக் கயிறு தலையில் பதிந்தால் கழுத்து முன்னே தள்ளும், பாரம் பின்னே இழுக்கும், கை மட்டும் நிற்காமல் ஓடும். வீட்டில் அம்மாவைப் பார்த்து வந்த பிள்ளைக்கு இது தெரியும், விழாவில் மறைக்கப் பழகியிருக்கிறாள். இரண்டு கிலோ ஈரச்சாக்கைக் கூடையில் போட்டு, கயிற்றைத் தலையில் அல்லாமல் தோளில் மாட்டி, பத்து நிமிடம் நடக்கவிடுங்கள். வளரும் கழுத்துக்குத் தலைப்பாரம் ஆகாது. பிறகு கூடையைக் கழற்றி, பாரம் இருப்பதாகவே அதே தூரம் திரும்ப நடக்கட்டும். முதுகு நிமிர்ந்துவிட்டால் கூடையை மறுபடி மாட்டுங்கள். நாலைந்து தடவை போனபின் கூடை இல்லாமலே பாரம் தெரியும், அதிலிருந்து காட்சி கட்டலாம்.

மேடை கட்டக் காசு செலவழிக்காதீர்கள். பார்ப்பவர்களைச் சரிவில் உட்கார வைத்துக் கீழே சமதரையில் ஆடினால் எல்லோருக்கும் பாதம் தெரியும். நாலு மணிக்குத் தொடங்குங்கள், ஆறரைக்குள் இருட்டிவிடும்.