சொராரிட்டியில் ஓர் ஆண்டு: ஆகஸ்ட் ரஷ் முதல் மே வழியனுப்பு வரை

அமெரிக்கக் கல்லூரிகளில் சேரப்போகும் பெண்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, சாப்டர் ஆலோசகர் ஒருவர் தரும் பதில்கள்.

கேள்வி (ஓர் அம்மா): சொராரிட்டி என்பது ஹாஸ்டலா, கிளப்பா? வருஷம் முழுக்க அங்கே என்னதான் நடக்கும்?

மாணவியரே நடத்தும் சங்கம் அது. சில கல்லூரிகளில் சொந்த வீடு இருக்கும், சிலவற்றில் கூட்டம் போட ஓர் அறை மட்டும்தான். ஒரு கல்லூரியில் இருக்கும் கிளையைத்தான் சாப்டர் என்கிறோம். 1902இல் உருவான நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் 26 சொராரிட்டிகள் இருக்கின்றன.

பெரும்பாலான பெரிய கல்லூரிகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் ரஷ் எனும் உறுப்பினர் சேர்க்கை. பிறகு சில வாரங்கள் புது உறுப்பினர் பயிற்சி, அதன் முடிவில் முறைப்படி சேர்க்கும் சடங்கு. அக்டோபரில் பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் ஹோம்கமிங் விழா. நவம்பரில் தேர்தல். ஜனவரியில் புது நிர்வாகிகள் பட்ஜெட் போடுவார்கள். வசந்தத்தில் நிதி திரட்டல், இத்தகைய சங்கங்களின் போட்டி வாரமான கிரீக் வீக், ஃபார்மல் நடன இரவு. மே மாதம் பட்டம் பெறுபவர்களுக்கு வழியனுப்பு. இவற்றோடு வாராவாரம் சாப்டர் மீட்டிங் உண்டு. அதற்கு வருகைப்பதிவும் உண்டு, வராவிட்டால் அபராதம் போடும் சாப்டர்களும் உண்டு. சேருமுன் இதை மகளிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (முதலாண்டு மாணவி): அக்கா, ரஷ் வாரத்தில் பெண்கள் எங்கே தப்புப் பண்ணுகிறார்கள்?

கடைசி நாளில்தான்ம்மா. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நீ வீடுகளை, அதாவது சொராரிட்டிகளை, வரிசைப்படுத்துவாய். அவர்களும் தங்கள் பட்டியலைக் கொடுப்பார்கள். இரண்டையும் கணினி பொருத்திப் பார்க்கும், வீடுகளின் எண்ணிக்கை சுற்றுக்குச் சுற்று குறையும். கடைசியாக வரும் பிரெஃபரன்ஸ் சுற்றில் பெரும்பாலும் இரண்டு வீடுகள் மிஞ்சும். அது முடிந்த கையோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதன்படி உனக்கு பிட், அதாவது சேர அழைப்பு, வந்து நீ மறுத்தால், அந்தக் கல்லூரியில் அடுத்த பெரிய ரஷ் வரைக்கும் வேறு எந்த பான்ஹெலனிக் சொராரிட்டியிலும் சேர முடியாது.

இரண்டு வீடு அழைத்திருக்க, பிடித்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிற்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. அந்த வீட்டின் கோட்டா, அதாவது சேர்க்கக்கூடிய எண்ணிக்கை, உனக்கு முன்பே நிரம்பிவிட்டால் கை வெறுமையாகிவிடும். இரண்டையும் எழுதியவளுக்கு மட்டும்தான் கோட்டாவுக்கு மேலும் இடம் தேடித் தருவார்கள். சேர மனமே இல்லாத வீட்டை எழுதாதே. இரண்டிலும் மனம் இருந்தால் இரண்டையும் எழுது. அழுதுகொண்டே கையெழுத்துப் போடாதே. வழிகாட்டியாக வரும் சீனியரிடம் பத்து நிமிஷம் கேட்டால் தருவாள்.

கேள்வி (இரண்டாமாண்டு மாணவி): ஹோம்கமிங் அலங்காரத்துக்கு என்னைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். பாம்ப்பிங்குக்கு எவ்வளவு காகிதம், எத்தனை பேர் வேண்டும்?

மிசௌரி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஹோம்கமிங்கின் உயிரே இதுதான். மரச்சட்டத்தில் கோழிவலை அடித்து, ஒவ்வொரு கண்ணிலும் மெல்லிய டிஷ்யூ காகிதச் சதுரத்தைத் திணித்துப் படம் உண்டாக்குவது. ஆறு அங்குலச் சதுரத்தின் நடுவை விரல் நுனியில் வைத்துச் சுருட்டிப் பூ மாதிரி ஆக்கி, காம்புப் பக்கத்தை வலைக்குள் தள்ளு. விரிந்த பக்கம் வெளியே நிற்க வேண்டும். பக்கத்துக் கண்ணில் இருப்பது இதை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், பசை தேவையில்லை.

இரண்டங்குலக் கண் வலையில் சதுர அடிக்குச் சுமார் 40 கண்கள். எட்டடிக்கு இருபதடிப் பலகை என்றால் 160 சதுர அடி, ஏறக்குறைய 6,400 காகிதம். கிழிசலுக்காகப் பத்து சதவீதம் கூட வாங்கு. பழகிய கை நிமிஷத்துக்கு நாலு திணிக்கும். ஒன்பது பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஓரங்குல வலை வாங்கிவிட்டால் கண்கள் நாலு மடங்கு, வேலையும் நாலு மடங்கு. கடையில் வலைச் சுருளை எடுக்கும்போதே அளவுகோல் வைத்துப் பார்.

முதலில் படத்தை மார்க்கரால் கோடாக வரைந்த தாளை வலைக்குப் பின்னால் கட்டு, இல்லாவிட்டால் கண்ணும் மூக்கும் இடம் மாறிவிடும். மழையில் டிஷ்யூவின் சாயம் கரையும், சிவப்பு வெள்ளைக்குள் இறங்கிவிட்டால் அந்தப் பகுதியைப் பிடுங்கித்தான் திணிக்க வேண்டும். பலகையைக் கொட்டகைக்குள் வைத்தே செய். தீப்பிடிக்காத வகைக் காகிதம்தானா என்பதைக் கல்லூரி விதியோடு ஒப்பிட்டுக்கொள்.

கேள்வி: பான்கேக் விற்று நிதி திரட்டும் இரவு போனமுறை பாதியில் நின்றது. மின்சாரம் போய்விட்டது.

பான்கேக் சுடும் மின்சாரக் கல் ஒன்று 1,500 வாட் இழுக்கும். 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். ஒரே சர்க்யூட்டில் இரண்டு கல் போட்டால் 15 ஆம்பியர் பிரேக்கரும் விழும், 20உம் விழும். சுவரில் பிளக் வேறு வேறாக இருந்தாலும் சர்க்யூட் ஒன்றாக இருக்கலாம். முந்தின நாளே கட்டடப் பராமரிப்பாளரிடம் எந்த பிளக் எந்த பிரேக்கரில் என்று கேட்டு டேப் ஒட்டுங்கள். ஒரு சர்க்யூட்டுக்கு ஒரு கல், காபி மெஷினுக்குத் தனி.

200 பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் 600 பான்கேக். ஒரு கல்லில் தடவைக்கு எட்டு, ஐந்து நிமிஷம். நாலு கல்லில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஆகவே கதவு திறக்க 40 நிமிஷம் முன்பே சுடத் தொடங்கி, 200 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் தட்டை மூடி வையுங்கள்.

வசூலான பணம் எங்கே போகும் என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். கப்பா டெல்டா சொராரிட்டியின் ஷாம்ராக் நிகழ்ச்சியில் 80 சதவீதம் உள்ளூர் அமைப்புக்கும், 20 சதவீதம் குழந்தை வதைத் தடுப்புக்கான தேசிய அமைப்புக்கும் போகிறது. அப்படி வெளிப்படையாகச் சொன்னால் கொடுப்பவர்களுக்கு நம்பிக்கை வரும்.

கேள்வி (ஓர் அப்பா): செலவு?

மாதச் சந்தா மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். புது உறுப்பினர் கட்டணம், பேட்ஜ், சொராரிட்டி வீட்டில் தங்காதவர்களுக்கான பராமரிப்புத் தொகை, ஃபார்மல் உடை, அபராதம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் வருஷம்தான் அதிகம் ஆகும். தவணை வசதி பல சாப்டர்களில் உண்டு.

கேள்வி (ஓர் அம்மா): ராகிங் மாதிரி ஏதாவது நடக்குமா? பயமாக இருக்கிறது.

ஹேசிங் என்பார்கள். எந்தச் சொராரிட்டி விதியிலும் அதற்கு இடமில்லை, ஆனாலும் நடக்கும் இடங்கள் உண்டு. தூங்கவிடாமல் வைப்பது, ஃபோனைப் பிடுங்கி வைப்பது, குடிக்க வற்புறுத்துவது, "வீட்டில் சொல்லாதே" என்பது: இதில் ஒன்று காதில் விழுந்தாலும் கல்லூரியில் புகார் செய்யுங்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டப்படி, ஹேசிங்கில் சிக்கிய அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும். ரஷ்ஷுக்கு முன் அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். சகோதரத்துவம் என்ற பேரில் ஒரு பெண்ணை அவமானப்படுத்துவதை எந்த மரபும் நியாயமாக்காது.

கேள்வி: பொருளாளராகத் தேர்வாகியிருக்கிறேன். முதல் வேலை என்ன?

டிசம்பர் விடுமுறைக்கு முன்பே வங்கிக்குப் பழைய பொருளாளரோடு நேரில் போய்க் கையெழுத்து அதிகாரத்தை மாற்றிக்கொள். சாப்டர்கள் தடுமாறுவது இங்கேதான். ஜனவரியில் பழையவள் வெளிநாட்டுப் படிப்புக்குப் போயிருப்பாள், காசோலையில் கையெழுத்துப் போட ஆளில்லை, ஃபார்மல் மண்டபத்துக்கு முன்பணம் தவறிப்போகும். கடவுச்சொல், பாக்கிப் பட்டியல், ஒப்பந்த நகல் மூன்றும் ஒரே கோப்பில் உன் கைக்கு வந்தாக வேண்டும்.

கேள்வி: கமலா ஹாரிஸ் இருந்த சொராரிட்டியிலும் இதே முறைதானா?

இல்லை. அவர் ஹோவர்ட் பல்கலையில் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908இல் அங்கேயே கறுப்பினப் பெண்கள் தொடங்கியது. அதற்கு இந்த ரஷ் கிடையாது, சேர்க்கை முறையே தனி. பட்டம் வாங்கிய பிறகும் பட்டதாரி சாப்டர்களில் ஆயுள் முழுக்கச் சேவை தொடரும். 2020 ஜனநாயகக் கட்சி மாநாட்டு உரையில் அவர் சித்திகளையும் இந்தச் சகோதரிகளையும் குடும்பம் என்றே சேர்த்துச் சொன்னார். தெற்காசியப் பெண்களை மையமாகக் கொண்டவை வேண்டுமென்றால், 1998இல் ஆஸ்டினில் தொடங்கிய கப்பா ஃபை காமா போன்றவற்றைப் பாருங்கள்.

கேள்வி (ஓர் அம்மா): மகளுக்கு எங்கேயும் பிட் வரவில்லை. அறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள்.

முதலில் சாப்பிட வையுங்கள். பிட் வராதவளை ரஷ் முடிவில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கட்டாது. உறுப்பினர் எண்ணிக்கை நிரம்பாத சாப்டர்கள் ரஷ் முடிந்ததும் திறந்த சேர்க்கை நடத்தும், வசந்தத்திலும் உண்டு. பான்ஹெலனிக் அலுவலகத்துக்கு அவளே ஒரு மின்னஞ்சல் போட்டு, ஆர்வமுள்ளோர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லட்டும். திறந்த சேர்க்கையில் ரஷ் வாரத்துப் பாட்டும் வரிசையும் இல்லை, காபிக் கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். கூச்சமுள்ள பெண்ணுக்கு அதுவே சௌகரியம்.