நாடு பக்கம் மாறினால் என் கார் வீணாகிவிடுமா?

கேள்வி: எங்கள் நாட்டில் இப்போது சாலையின் இடதுபுறம் வண்டி ஓட்டுகிறோம். வலதுபுறத்துக்கு மாறப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. என்னிடம் வலப்பக்கம் ஸ்டீரிங் உள்ள ஒரு காரும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒரு வேனும் இருக்கின்றன. சட்டம் வந்துவிட்டால் இவை இரும்பு விலைக்குத்தான் போகும் என்றும், இப்போதே முன்பணம் கட்டினால் ஸ்டீரிங்கை இடப்பக்கம் மாற்றித் தருவதாகவும் ஒரு தரகர் சொல்கிறார். சுவீடனில் எல்லாரும் அப்படித்தான் மாற்றிக்கொண்டார்களாம். பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். காருக்கு ஸ்டீரிங் மாற்றும் தேவை அநேகமாக எழப்போவதில்லை. வேனைப் பற்றி நீங்கள் கவலைப்படத்தான் வேண்டும், ஆனால் அந்தக் கவலைக்கும் ஸ்டீரிங்குக்கும் தொடர்பில்லை.

முதலில் சுவீடன் கதையை முடித்துவிடுகிறேன். 1967 செப்டம்பர் 3 அன்று அதிகாலை 5 மணிக்கு அந்த நாடு இடதுபுறத்திலிருந்து வலதுபுறத்துக்கு மாறியது உண்மை. ஆனால் அங்கே ஓடிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அதற்கு முன்பே ஸ்டீரிங் இடப்பக்கம்தான் இருந்தது. சாலை ஒரு பக்கம், கார் இன்னொரு பக்கம் என்று இருந்த அந்த முரண்பாடு, மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆகவே ஸ்டீரிங்கை மாற்றிப் பொருத்த அங்கே ஊரே பட்டறை வாசலில் நின்றது என்பது தரகரின் கற்பனை. உங்கள் நிலைக்கு நெருக்கமான உதாரணம் பர்மா. 1970 டிசம்பரில் அந்த நாடு வலதுபுறத்துக்கு மாறியது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் அங்கே ஓடிய கார்களில் பெரும்பான்மை வலப்பக்க ஸ்டீரிங் கொண்ட பழைய வண்டிகளும், ஜப்பானிலிருந்து வந்திறங்கிய அதே வகை வண்டிகளும்தான். பசிபிக் கடலில் உள்ள சமோவா 2009 செப்டம்பர் 7 அன்று எதிர்த்திசையில், அதாவது வலதிலிருந்து இடதுக்கு மாறியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து விலை குறைந்த பழைய கார்கள் வர வேண்டும் என்பதே அரசு சொன்ன முக்கியக் காரணம். அங்கும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இடப்பக்க ஸ்டீரிங் கார்கள் ஒரே இரவில் சாலையை விட்டு விலக்கப்படவில்லை.

'நாளைக்கே சட்டம் வரும்' என்று அவசரப்படுத்துவதையும் நம்பாதீர்கள். சுவீடன் நாடாளுமன்றம் 1963இல் முடிவெடுத்தது. நடைமுறைக்கு வர நான்கு ஆண்டுகள் ஆயின. சிறிய தீவு நாடான சமோவாவிலேயே அறிவிப்புக்கும் மாற்றத்துக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தன.

இனி, ஸ்டீரிங் மாற்றித் தருகிறேன் என்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஸ்டீரிங்கை மாற்றுவதென்றால் கைப்பிடிச் சக்கரத்தைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவதன்று. ஸ்டீரிங் ரேக் (சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு), பெடல்கள், பிரேக் பூஸ்டர் (பெடலில் கால் தரும் அழுத்தத்தைக் கூட்டும் கருவி), டாஷ்போர்டு, ஒயரிங், காற்றுப்பை, வைப்பர் துடைக்கும் திசை எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தவை. எஞ்சினுக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவரில் எந்த இடத்தில் துளை இருக்க வேண்டும் என்பதை விபத்தின்போது அது எப்படி நசுங்கும் என்பதோடு சேர்த்தே தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். முறையாகச் செய்வதென்றால் அதே மாடலின் இடப்பக்க ஸ்டீரிங் பாகங்கள் முழுவதும் வேண்டும். அந்தச் செலவுக்குப் பழைய காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்குவது பெரும்பாலும் மலிவாக இருக்கும். எனவே குறைந்த விலைக்குச் செய்கிறவர் எங்கோ ஒன்றை விட்டுத்தான் செய்வார்.

எதை விடுகிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி மாற்றப்பட்ட கார் ஒன்றின் டாஷ்போர்டைக் கழற்றச் சொன்னபோது உள்ளே ஒரு சங்கிலி ஓடியது. ரேக்கைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, புதிய பக்கத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் பழைய பக்கத்தில் உள்ள ரேக் திரும்பும்படி பல்சக்கரம் வைத்துச் சங்கிலி போட்டிருந்தார்கள். பிரேக் பூஸ்டரும் பழைய இடத்திலேயே இருந்தது. புதிய பெடலிலிருந்து அதுவரை ஒரு நீளக் கம்பியை வெல்டிங் செய்து கொண்டுபோயிருந்தார்கள். பெடலை அழுத்தினால் முதலில் கம்பி முறுக்கிக்கொண்டது, அதன் பிறகுதான் பிரேக் பிடித்தது. ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை இணைக்கப்படவே இல்லை. அந்தக் குறையைக் காட்ட வேண்டிய எச்சரிக்கை விளக்கின் ஒயரை வேறொரு விளக்கோடு கோத்திருந்தார்கள். சாவியைத் திருப்பினால் ஒளிர்ந்து, பிறகு ஒழுங்காக அணைந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது குறையற்ற கார். அதன் உரிமையாளர் முன்பணம், மீதிப் பணம் இரண்டையும் ரசீது இல்லாமல் கொடுத்திருந்தார்.

காகிதத்திலும் ஆபத்து உண்டு. வண்டியின் கட்டமைப்பை மாற்றினால் அது பதிவுச் சான்றிதழில் ஏற வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 'அதையெல்லாம் உள்ளே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்' என்று தரகர் சொன்னால், அந்த மாற்றம் பதிவேட்டில் ஏறப்போவதில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்து இழப்பீடு கேட்கும் நாளில் நிறுவனம் முதலில் தேடுவது அந்தப் பதிவைத்தான்.

காரில் நீங்கள் மாற்றியே ஆக வேண்டியது முகப்பு விளக்கு. 'டிம்' போடும்போது விழும் ஒளி இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இடதுபுறம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கில், ஒளி இடப்பக்கம் சற்றே மேலேறிச் சாலையோரத்தையும் நடந்து செல்பவர்களையும் காட்டும். வலப்பக்கம், எதிரே வருபவர் கண் கூசாதபடி தாழ்ந்திருக்கும். அதே விளக்கோடு வலதுபுறம் ஓட்டினால், மேலேறும் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். நீங்கள் ஒட்டிச் செல்லும் ஓரமோ இருட்டாகக் கிடக்கும். பட்டறைகளில் திருகாணியைத் திருப்பி முழு ஒளியையும் கீழே இறக்கிவிட்டு 'சரி செய்துவிட்டேன்' என்பார்கள். அதனால் ஒளியின் வடிவம் மாறாது, உங்கள் பார்வைத் தூரம்தான் குறையும். விளக்கின் கண்ணாடியில் ஒட்டும் மறைப்பு ஸ்டிக்கர் சில நாள் பயணத்துக்கு உதவும், நிரந்தர ஓட்டத்துக்கு ஆகாது. ஐரோப்பிய முறைப்படி சான்று பெற்ற விளக்கானால் அதன் கண்ணாடியில் பொறித்திருக்கும் குறியீட்டை அருகில் சென்று பாருங்கள். விளக்கை நோக்கி நிற்கும் உங்களுக்கு வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி மட்டும் இருந்தால் அது இடதுபுறப் போக்குவரத்துக்கு மட்டுமே உரியது; அம்புக்குறியே இல்லையென்றால் வலதுபுறத்துக்கு உரியது; இரு முனை அம்பு இருந்தால் இரண்டுக்கும் மாற்றி அமைத்துக்கொள்ளலாம், புதிய விளக்கு வாங்க வேண்டியதில்லை.

ஓட்டும்போது ஒன்றை மட்டும் பழக வேண்டும். வலப்பக்க ஸ்டீரிங்கோடு வலதுபுறம் ஓட்டுகையில் நீங்கள் சாலை ஓரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். முன்னால் லாரி போனால் எதிரே வருவது தெரியாது. ஒட்டிப் போகாமல் நன்றாகப் பின்தங்கியிருந்தால்தான் பார்வை விரியும். தெரியாதவரை முந்தக் கூடாது.

வேன் அப்படியன்று, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் வேனின் கதவு இடப்பக்கம் மட்டுமே இருக்குமானால், மாற்றத்துக்குப் பிறகு வலது ஓரத்தில் நிறுத்தும்போது அது நடுச்சாலையை நோக்கித் திறக்கும். பிள்ளைகள் இறங்குவது ஓடும் வண்டிகளுக்கு நடுவில். பக்கம் மாறிய வேறு இடங்களிலும் இந்தச் சிக்கல் வந்தது. சுவீடனில் பழைய பேருந்துகளுக்கு இரு பக்கமும் கதவு வைத்தார்கள், புதியவற்றையும் வாங்கினார்கள். 1978 ஜூலை 30 அன்று ஜப்பானின் ஒக்கினாவா இடதுபுறத்துக்கு மாறியபோது கதவு மறுபக்கம் உள்ள பேருந்துகள் புதிதாக வாங்கப்பட்டன. சமோவாவில் கதவுச் செலவை முன்னிட்டுப் பேருந்து உரிமையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

உங்கள் வேன் எந்த வகை என்பதைப் பொறுத்தே பதில். அடிச்சட்டத்தின் மேல் தனியாகக் கூண்டு கட்டிய வண்டியானால், அங்கீகாரம் பெற்ற கூண்டு கட்டும் நிறுவனம் வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கி வலப்பக்கம் கதவு வைத்துத் தரலாம். தொழிற்சாலையிலிருந்து ஒரே உடலாக வந்த வேனானால் வெட்டவே வெட்டாதீர்கள். அதன் பக்கத் தகடுதான் சுமை தாங்குகிறது. டீசல் நிரப்பும் குழாயும் சில வேன்களில் கதவு இல்லாத பக்கத்தில் போகும். அந்த வேனைச் சரக்குக்கு ஒதுக்கிவிட்டு, அதே மாடலில் இரு பக்கக் கதவோ வலப்பக்கக் கதவோ தயாரிப்பாளரே தருகிறாரா என்று விசாரியுங்கள். பின்கதவு வழியாகப் பிள்ளைகளை ஏற்றலாம் என்று யோசனை சொல்வார்கள். பின்னால் வரும் வண்டிக்கு நேர் எதிரே குழந்தையை நிறுத்துவது அது. புதிய ஏற்பாடு ஆகும்வரை பள்ளி வளாகத்துக்குள், உதவியாளர் உடன் நிற்க, ஏற்றி இறக்குங்கள். வீட்டு வாசல் நிறுத்தங்களுக்கு அதுவும் தீர்வாகாது.

இதையெல்லாம் ஒரு தரகரைப் பார்த்துப் பயந்த பிறகு நீங்கள் கேட்க நேர்ந்திருப்பதே எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. எந்த விளக்கு செல்லும், எந்த வேனுக்கு எத்தனை மாத அவகாசம், கதவுச் செலவில் அரசின் பங்கு எவ்வளவு என்பதை மாற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் நாளிலேயே இரண்டு பக்கத்தில் எழுதி ஒட்டலாம். அலுவலகங்கள் பலகைகளையும் கோடுகளையும் திட்டமிடுகின்றன, வண்டி வைத்திருப்பவரை அடுத்த கவுண்டருக்கு அனுப்புகின்றன. அந்த மௌனத்தில்தான் தரகர் பிழைக்கிறார்.

எனவே பதிவு அலுவலகத்துக்கு மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள்: இப்போதுள்ள ஸ்டீரிங்கோடு கார் தொடர்ந்து ஓடலாமா, முகப்பு விளக்கை எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும், பள்ளி வேனின் கதவு குறித்த விதி என்ன. பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். பதில் வந்ததும் முதலில் வேனின் கதவைக் கவனியுங்கள்.