பிடித்த நிலம் எப்படிச் சுதந்தரம் ஆகும்?

கேள்வி: யோசுவா புத்தகத்தில் சண்டை போட்டுப் பிடித்த நிலத்தைச் 'சுதந்தரம்' என்கிறார்களே, அது அப்பன் சொத்துக்குச் சொல்வது இல்லையா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நல்ல கேள்வி. தமிழ் வேதாகமத்தில் 'சுதந்தரம்' (விடுதலை அல்ல, உரிமைச் சொத்து) என்று வரும் இடங்களில் எபிரெயத்தில் முக்கியமாக இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று 'நஹலா'. குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டு, தலைமுறையாக இறங்கி வரும் பங்கு நிலம் அது, இஸ்ரவேல் கோத்திரங்களுக்குச் சீட்டுப் போட்டுப் பிரித்ததும் இதைத்தான். மற்றது 'யாரஷ்' என்ற வினை. பிள்ளையில்லாத ஆபிராம், வீட்டு ஊழியக்காரன்தானே எனக்கு வாரிசாவான் என்று வருந்தும் ஆதியாகமம் 15-இலும் இதே வினைதான், இஸ்ரவேலர் கானான் தேசத்துக்குள் போய் நிலத்தைக் கைப்பற்றும் இடத்திலும் இதே வினைதான். அதிலிருந்தே பிறந்த 'ஹோரிஷ்' என்ற வடிவத்துக்குப் பெரும்பாலும் 'துரத்திவிடுதல்' என்று பொருள். நியாயாதிபதிகள் 1-ஆம் அதிகாரத்தில் அங்கே குடியிருந்தவர்களை மனாசே கோத்திரம் துரத்திவிடவில்லை, எப்பிராயீம் கோத்திரம் துரத்திவிடவில்லை என்று அடுக்கிக்கொண்டே போவது இந்த வடிவத்தை வைத்துத்தான். ஆக, ஒருவர் உள்ளே வருவதும் இன்னொருவர் வெளியேற்றப்படுவதும் ஒரே வேர்ச்சொல்லில் கிடக்கிறது. 'சுதந்தரம்' என்று மட்டும் படித்தால் அந்த வெளியேற்றம் நம் கண்ணில் படாது, அது எனக்கு வருத்தம்தான். எரிகோ பட்டணத்தைப் பிடிக்கும்போது வரும் 'சாபத்தீடு' (கர்த்தருக்கென்று முழுவதுமாக ஒதுக்கி அழித்துவிடுவது) வேறு, அதன் மூலச்சொல் 'ஹேரெம்'.

அப்புறம், 1 இராஜாக்கள் 21-ஐ அவசியம் படியுங்கள். ராஜாவாகிய ஆகாப் கேட்டும், நாபோத் தன் திராட்சத்தோட்டத்தை 'என் பிதாக்களின் நஹலா' என்று சொல்லித் தர மறுக்கிறான். ஆகாபின் மனைவி யேசபேல் அவனைக் கொல்லவைத்து, ஆகாப் அதை எடுத்துக்கொண்டபோது, கொலையும் செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்ற கண்டனம் தீர்க்கதரிசி எலியா மூலம் வருகிறது. அங்கே 'எடுத்துக்கொள்ளுதல்' என்பதற்கு நிற்பதும் யாரஷ்தான்.