கூடுதல் டிஸ்க்குக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்றால் உயிர். படத்தை ஓடிடியிலேயே பார்க்கலாம், வீட்டில் பெரிய டிவியும் இருக்கிறது. ஆனாலும் பிறந்தநாளுக்கு டிஸ்க் செட்தான் வேண்டும் என்கிறார். "படத்துக்காக இல்லை, போனஸுக்காக" என்கிறார். படத்தை எப்படி எடுத்தார்கள் என்று பார்ப்பதற்கா இவ்வளவு பணம்? (ஒரு வாசகி, கோவை)

பதில்: உங்கள் கணவர் பக்கம்தான் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அவர் கேட்பது எந்த செட் என்று முதலில் விசாரியுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதல் பாகத்தின் டிவிடி 2002 ஆகஸ்டில் வந்தது. தியேட்டரில் ஓடிய அதே படம், கூடவே கொஞ்சம் போனஸ். மூன்று மாதம் கழித்து, நவம்பரில், அதே படம் நான்கு டிஸ்க்காக வந்தது. படத்தில் அரை மணி நேரம் கூடியிருந்தது. இரண்டு டிஸ்க்கில் படம், மீதி இரண்டில் முழுக்க முழுக்க மேக்கிங். போதாததற்குப் படத்தோடு சேர்த்துக் கேட்க நான்கு கமெண்டரிகள். ஒன்றில் இயக்குநரும் எழுத்தாளர்களும், ஒன்றில் வடிவமைப்புக் குழு, ஒன்றில் தயாரிப்பு மற்றும் எடிட்டிங் போன்ற பின்வேலைக்காரர்கள், இன்னொன்றில் நடிகர்கள். ஆகஸ்டில் அவசரப்பட்டு வாங்கியவர்களில் பலர் நவம்பரில் மறுபடி பர்ஸைத் திறந்தார்கள்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? குள்ள ஹாபிட்டும் நெட்டை மந்திரவாதியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? ஒருவரைக் கேமராவுக்குப் பக்கத்திலும் மற்றவரைத் தள்ளியும் உட்காரவைத்திருக்கிறார்கள். அது பழைய தந்திரம்தான். கேமரா நகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் கேமரா நகரும்போது மேஜையின் ஒரு பாதியும் நடிகரும் கூடவே நகரும்படி செட்டையே செய்துவிட்டார்கள். இதைப் பார்த்துவிட்டு அந்தக் காட்சிக்குத் திரும்பிப் போனால் பழையபடி பார்க்க முடியாது. பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொன்றாகக் கையால் கோத்துக் கவச உடை செய்தவர்களும் அதில் வருகிறார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்பதற்கே அந்த டிஸ்க்கை வாங்கலாம் என்பேன். இதெல்லாம் ஓடிடியில் படத்தோடு பெரும்பாலும் வருவதில்லை.

சரி, இப்போது கண்ணி எங்கே என்று சொல்கிறேன். புதுசாக, விலை கூடுதலாக இருப்பதை வாங்கினால் எல்லாம் அதில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? 2020 இறுதியில் வந்த 4கே (ப்ளூ-ரேயைவிடத் துல்லியமான படம்) செட்டில் படம் அற்புதமாக இருக்கும், ஆனால் இந்த மேக்கிங் எதுவுமே கிடையாது. 2011இல் வந்த 15 டிஸ்க் ப்ளூ-ரே பெட்டியில் இருக்கிறது, அதுவும் பழைய டிவிடிகளாகவே உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கணவருக்கு போனஸ்தான் முக்கியம் என்றால் பழைய பெட்டியே போதும். 4கேயை வாங்கிக் கொடுத்துவிட்டு, "அது எங்கே?" என்று பிறந்தநாளன்றே அவர் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது.

கேள்வி: அட்டையின் பின்பக்கம் 'பத்து மணி நேர போனஸ்' என்றெல்லாம் போடுகிறார்கள். நம்பலாமா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: கடிகாரத்தை நம்பாதீர்கள், யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். நான் ஒருமுறை 'இரண்டு டிஸ்க் ஸ்பெஷல் எடிஷன்' என்று ஆசை ஆசையாக வாங்கினேன். இரண்டாவது டிஸ்க்கைப் போட்டால் அதே படத்தின் பாட்டுகள் தனியாக, ட்ரெய்லர், அப்புறம் அந்தக் கம்பெனியின் மற்ற படங்களுக்கு விளம்பரம். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். சட்டப்படி அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு டிஸ்க் என்றார்கள், இரண்டு இருந்தது!

நடிகர்கள் ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொள்ளும் பத்து நிமிடப் பேட்டிகள் படம் வெளியாகும்போது விளம்பரத்துக்கு எடுத்தவை. அவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். நீக்கப்பட்ட காட்சிகளை ஒரு தடவை பார்ப்போம், ஏன் நீக்கினார்கள் என்பது தானாகவே புரிந்துவிடும். காசு பெறுவது இரண்டுதான். ஒன்று, தனிப் படமாகவே எடுத்த ஆவணப்படம். 'பிளேட் ரன்னர்' 2007இல் ஐந்து டிஸ்க்காக வந்தபோது கூட வந்த ஆவணப்படம் மூன்றரை மணி நேரம் ஓடும். படமோ இரண்டு மணி நேரம்கூட இல்லை.

இன்னொன்று கமெண்டரி. இது பிறந்த கதையே சுவாரசியம். 1984இல் கிரைட்டீரியன் நிறுவனம் பழைய 'கிங் காங்' படத்தை, டிவிடிக்கு முன்பிருந்த பெரிய தட்டான லேசர் டிஸ்க்கில் கொண்டுவந்தது. லேசர் டிஸ்க்கில் ஒலிக்கு இரண்டு தடம் உண்டு. 1933இல் எடுத்த படத்துக்கு ஒன்றே போதும். சும்மா கிடந்த இன்னொரு தடத்தில், ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட வரலாற்றாளரைப் படம் ஓட ஓடப் பேசவைத்தார்கள். கமெண்டரி என்று இன்று நாம் சொல்வது அங்கே தொடங்கியதுதான். டிவிடி வந்தபிறகு இடம் ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு மணி நேரப் பேச்சு 200 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும், இரட்டை அடுக்கு டிஸ்க்கோ 8.5 ஜிகாபைட். செலவு குறைவு, பேசுகிறவர் சரியாக அமைந்துவிட்டால் ஒரு வருஷப் பாடம். சரியாக அமையாவிட்டால், திரையில் நடப்பதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். நமக்குத்தான் கண் இருக்கிறதே!

ஒரு எச்சரிக்கை. கமெண்டரிக்கு சப்டைட்டில் பல டிஸ்க்குகளில் இருக்காது. ஆங்கிலப் பேச்சைக் காதால் மட்டும் கேட்டுத் தொடர்வது கஷ்டம் என்றால், வாங்குமுன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் தங்கை டிஸ்க் வாங்கி அனுப்புகிறேன் என்கிறாள். இங்கே ஓடுமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று டிஸ்க்கில் போடும் பூட்டுதான் ரீஜன். டிவிடி என்றால் அமெரிக்கா ரீஜன் 1, நாம் ரீஜன் 5. ப்ளூ-ரே என்றால் அவர்கள் ஏ, நாம் சி. பிளேயர் எல்லா ரீஜனும் படிக்காவிட்டால், அந்த ரீஜனுக்கு மட்டும் என்று பூட்டிய டிஸ்க் இங்கே ஓடாது. கணினியின் டிவிடி டிரைவில் ரீஜனை மாற்றலாம், ஆனால் ஐந்தே தடவைதான். அதற்குப் பிறகு கடைசியாக வைத்த ரீஜனிலேயே நின்றுவிடும்.

4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு இல்லை என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் 4கே பெட்டிகள் பலவற்றில் 4கே டிஸ்க்கில் படம் மட்டும் இருக்கும். போனஸ் எல்லாம் கூட வரும் சாதா ப்ளூ-ரேயில் இருக்கும். அந்த ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம். அப்படி இருந்தால் படம் ஓடும், எதற்காக வாங்கினீர்களோ அது ஓடாது. பெட்டிக்கு ஒரு ரீஜன் என்று பார்க்காமல், டிஸ்க் டிஸ்க்காகப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இருக்கும், படத்தை இணையத்தில் பெறுவதற்கான ரகசிய எண் அமெரிக்கக் கணக்குகளுக்குத்தான் பெரும்பாலும் செல்லும். அதைத் தங்கையே வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: தமிழ்ப் பட டிவிடிகளில் இதெல்லாம் ஏன் வரவில்லை? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: ஒரு காரணம் விலை. மோசர் பேர் நிறுவனம் 2007 வாக்கில் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கியது. பிளாட்பாரத்தில் திருட்டு டிஸ்க் ஒன்றில் மூன்று படம் கிடைத்த காலம் அது, வேறு வழியில்லை. அந்த விலையில் யார் உட்கார்ந்து கமெண்டரி பதிவு செய்வார்கள்? இப்போது மேக்கிங் வீடியோவும் நீக்கிய காட்சியும் நேரே யூடியூபுக்கு வந்துவிடுகின்றன. காசில்லாமல் கிடைக்கிறது, சந்தோஷம். ஆனால் போட்டவர்கள் என்றைக்கு எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

கேள்வி: ஒரு படத்தின் 4கே பதிப்பு வாங்கிவிட்டேன். பழைய டிவிடியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: பொறுங்கள். போனஸ் உரிமை அதைத் தயாரித்த நிறுவனத்திடம் இருக்கும். படம் கைமாறும்போது அதுவும் கூட வரும் என்று கட்டாயமில்லை. முதல் மூன்று ஜேம்ஸ் பாண்ட் படங்களின் லேசர் டிஸ்க்கில் கிரைட்டீரியன் போட்ட கமெண்டரி தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. டிஸ்க்குகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தக் கமெண்டரி பிறகு வந்த டிவிடி எதிலும் இல்லை, பழைய தட்டை வைத்திருந்தவர்களிடம்தான் இருந்தது. இரண்டு அட்டைகளின் பின்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எல்லாமே புதியதில் இருந்தால் பழையதை யாருக்காவது கொடுங்கள். எப்படியும் பழைய பேப்பர் கடைக்காரர் அதை எடைக்கு எடுக்கமாட்டார்.