விலை எதை நம்பச் சொல்கிறது?

கேள்வி: அமெரிக்கச் சமூக ஊடக நிறுவனங்கள் புதிதாகப் பங்குச் சந்தைக்கு வரும்போது, அந்தப் பங்குக்கு நியாய விலை எவ்வளவு என்று சாதாரண முதலீட்டாளர் எப்படிக் கணக்கிடுவது? பட்டியலிடும் நாளிலேயே வாங்கலாமா?

பதில்: ‘இதுதான் நியாய விலை’ என்று ஒரே எண்ணைத் தேடாதீர்கள். கேட்கிற விலை உங்களை எதை நம்பச் சொல்கிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு கால்குலேட்டர் போதும்.

ஃபேஸ்புக் 2012 மே 18 அன்று 38 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. அந்த விலையில் மொத்த நிறுவனத்தின் மதிப்பு சுமார் 10,400 கோடி டாலர். முந்தைய ஆண்டு லாபமோ 100 கோடி டாலர்தான். லாபத்தைப் போல் நூறு மடங்குக்கு மேல் கேட்டார்கள். அதே நேரத்தில் கூகுள் பங்கு அதன் லாபத்தைப் போல் ஏறக்குறைய 20 மடங்கில் கிடைத்துக்கொண்டிருந்தது.

வேகமாக வளரும் நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், சரி. ஆனால் எவ்வளவு? ஃபேஸ்புக்கும் ஐந்து ஆண்டில் வளர்ச்சி தணிந்து 20 மடங்குக்கு வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு அபாயத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வருமானமாவது வேண்டாமா? அப்படியானால் 10,400 கோடி ஐந்து ஆண்டில் சுமார் 18,300 கோடி ஆக வேண்டும். அதை 20-ஆல் வகுத்தால் 900 கோடிக்கு மேல் லாபம் வர வேண்டும். லாபம் ஒன்பது மடங்காகும் என்று நம்புகிறவருக்குத்தான் 38 டாலர் நியாய விலை. ஊழியர்களுக்குக் கொடுக்கும் புதுப் பங்குகளால் நம் பங்கு நீர்த்துப்போவதையும், அதாவது லாபத்தில் நம் பாகம் குறைவதையும் சேர்த்தால் தேவை இன்னும் கூடும்.

அன்று அதை நம்ப இடமிருந்ததா? வருவாய் 2011-இல் 88 சதவீதம் கூடியது. 2012-இன் முதல் காலாண்டில் வளர்ச்சி 45 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பயனர்கள் கைபேசிக்கு மாறுகிறார்கள், அங்கே விளம்பரம் அவ்வளவாக இல்லை என்று பங்குகளை விற்க வெளியிட்ட விவர அறிக்கையான வெளியீட்டு ஆவணத்தில் நிறுவனமே எச்சரித்தது. செப்டம்பரில் பங்கு 18 டாலருக்குக் கீழே விழுந்தது. அந்த விலையில் லாபம் நான்கு மடங்கைச் சற்றே தாண்டினால் போதும்.

கடைசியில் 2016-இல் லாபம் 1,000 கோடி டாலரைத் தாண்டியது. 38 கொடுத்தவரும் தோற்கவில்லை. ஆனாலும் கையிலிருந்த தகவலை வைத்துப் பார்த்தால், மே மாதத்தில் வாங்கியது துணிச்சல், செப்டம்பரில் வாங்கியது முதலீடு என்றே சொல்வேன்.

லாபமே இல்லாத நிறுவனத்துக்கு வருவாயை வைத்துத் தொடங்குங்கள். ஸ்னாப்சாட் செயலியை நடத்தும் ஸ்னாப் 2017 மார்ச்சில் 17 டாலருக்கு வந்தபோது முந்தைய ஆண்டு வருவாய் சுமார் 40 கோடி டாலர், நஷ்டம் 51 கோடி. வருவாயைப் போல் ஏறக்குறைய 60 மடங்கு விலை. பொதுமக்களுக்கு விற்ற பங்குகளுக்கு வாக்குரிமையும் கிடையாது! முதல் நாள் 24 டாலருக்கு மேல் முடிந்த பங்கு, ஜூலையில் 17-க்குக் கீழே வந்துவிட்டது. பயனர் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு பயனரிடமிருந்து ஆண்டுக்கு எத்தனை டாலர் வருகிறது, அது கூடுகிறதா என்பதே உங்களுக்கு வேண்டியது.

பட்டியலிடும் நாள் பற்றிக் கேட்டீர்கள். செய்தியில் வரும் வெளியீட்டு விலை பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்காது. ட்விட்டர் 2013 நவம்பரில் 26 டாலருக்கு ஒதுக்கப்பட்டது; சந்தையில் முதல் வியாபாரமே 45.10 டாலர். கணக்கைப் போடும்போது நீங்கள் உண்மையில் கொடுக்கப்போகும் விலையை வைத்துப் போடுங்கள்.

ஊழியர்களும் ஆரம்ப முதலீட்டாளர்களும் எந்தத் தேதி வரை விற்க முடியாது என்பது வெளியீட்டு ஆவணத்தில் இருக்கும். ஃபேஸ்புக்கில் முதல் தடை 2012 ஆகஸ்ட் 16 அன்று நீங்கி, சுமார் 27 கோடி பங்குகள் விற்பனைக்குத் தகுதி பெற்றன. அன்று மட்டும் விலை 6 சதவீதம் சரிந்தது. அவசரமில்லை என்றால், அப்படிப்பட்ட தேதி கடக்கும்வரை பொறுத்திருந்து அதே கணக்கை மறுபடியும் போட்டுப் பாருங்கள்.