கேஸ் ஷீட்டா கம்ப்யூட்டரா?

கோத்தகிரி பக்கம் கிளினிக் வச்சிருக்கற ஒரு டாக்டர் கேட்டிருக்காங்க: தினம் 50, 60 பேர் பாக்கறேன், அலமாரி பூரா ஃபைல், ஜூலை மழையில பூஞ்சை பிடிச்சு பக்கம் ஒட்டிக்குது, எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்திடலாமா?

மாறுங்க டாக்டர், ஆனா எல்லாத்தையும் மாத்தாதீங்க. வயித்துல எங்க வலின்னு ஒரு படம் வரைஞ்சு பெருக்கல் குறி போட பேப்பர்ல ரெண்டு செகண்ட், அதையே சாஃப்ட்வேர்ல பண்ணப்போனா மெனுவுக்குள்ள மெனு, நீங்க ஸ்க்ரீனையே பாத்துட்டிருப்பீங்க, எதிர்ல இருக்கற பாட்டி மருமககிட்ட பேச ஆரம்பிச்சிடுவாங்க. அதனால பேஷன்ட் சொல்றது, நீங்க தொட்டுப் பாத்தது இதெல்லாம் பேப்பர்லயே இருக்கட்டும்.

கம்ப்யூட்டருக்குப் போகவேண்டியது நம்பர், மருந்து, அலர்ஜி. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் 1.0, 1.2, 1.5ன்னு மெல்ல ஏறினா தனித்தனி பக்கத்துல கண்ணுக்கே படாது, ஒரே வரிசையில பாத்தா சுகர் மாத்திரை மெட்ஃபார்மினோட டோஸை யோசிக்கணும்னு உடனே தோணும். பிரிஸ்கிரிப்ஷன் பிரிண்ட்டா போனா மெடிக்கல் ஷாப்ல இருந்து போன் வராது, அதுவே பெரிய நிம்மதி.

ஒண்ணு மறக்காதீங்க, உங்க ஊர்ல நஞ்சன்னு தேடினா இருபது பேர் வருவாங்க, அதனால ஹட்டி (படுகர் ஊர்) பேர், எஸ்டேட்னா டிவிஷன் பேர் ரெண்டுக்கும் தனி கட்டம் இருக்கணும். அரசாங்க ஹெல்த் ஐடியான 14 இலக்க ஆபா நம்பர் இருந்தா வாங்கி வைங்க, கட்டாயம் இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பழைய சுகர் பேஷன்ட்டோட ரிப்பீட் விசிட்டை நீங்களே போட்டுப் பாருங்க, சேல்ஸ்காரர் மௌஸைத் தொடக்கூடாது. ஒரு நிமிஷத்துல முடியலன்னா அந்த சாஃப்ட்வேர் வேணாம். அப்புறம் நெட்டை ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடுங்க, காத்துல மரம் விழுந்தா அங்க லைன் வர எவ்வளவு நேரமாகும்னு உங்களுக்கே தெரியும். மொத்த டேட்டாவையும் எக்ஸெல்லா எடுக்க முடியுமான்னும் கேளுங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு கிளினிக்ல இதைக் கேக்காம விட்டு, கம்பெனி மூடினப்ப எல்லாத்தையும் கையால திருப்பி அடிச்சாங்க.

பழைய ஃபைலை மொத்தமா ஸ்கேன் பண்ண ஆள் வைக்காதீங்க, காசுதான் வீண். அவங்க அடுத்து வர்றப்ப ஒரு பக்க சுருக்கம் மட்டும் ஏத்துங்க. தூக்கியும் போட்ராதீங்க, 2002 மெடிக்கல் கவுன்சில் விதிப்படி பேஷன்ட் ரெக்கார்ட் கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும். அலமாரியை சுவத்துல இருந்து நாலு விரல் தள்ளி வைங்க, கீழ்த்தட்டுல எதுவும் வேணாம்.