கிளப்பின் சிறந்த ஆட்டக்காரரிடமே கற்றுக்கொள்ளலாமா?

கேள்வி: நான்கு வருடமாக பூல் ஆடுகிறேன், அதாவது மேசையில் பந்துகளைக் கியூ என்ற கோலால் அடித்து பாக்கெட்டில் விழவைக்கும் ஆட்டம். சில நாள் கஷ்டமான பந்துகள்கூட விழும். மறுநாள் நேராக நிற்கும் சுலபமான பந்தைக் கோட்டை விடுவேன். ஒரு நண்பர் இன்னும் குனிந்து நில் என்கிறார், இன்னொருவர் கியூவை இறுக்கிப் பிடி என்கிறார். வீடியோக்களும் நிறையப் பார்த்துவிட்டேன். அடிப்படையைச் சரிசெய்ய ஒரு நல்ல பயிற்சியாளர் வேண்டும். எங்கள் கிளப்பில் எல்லோரையும் ஜெயிக்கும் ஒருவர் இருக்கிறார். அவரிடமே கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் அவர் எல்லோரையும் ஜெயிக்கிறார் என்பதற்காக மட்டும் கேட்காதீர்கள். பல வருடம் ஆடிப் பழகியவருக்குத் தன் கை என்ன செய்கிறது என்பதே பெரும்பாலும் கவனத்தில் இருப்பதில்லை. "இப்படி அடி" என்று அடித்துக் காட்டுவார். நீங்கள் அடிக்கும்போது ஏன் அப்படி வரவில்லை என்று கண்டுபிடிப்பது வேறு திறமை. உங்களுக்கு வேண்டியது அந்தத் திறமை உள்ளவர். இரண்டும் சேர்ந்தவர் கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

ஒரு நாள் விழுகிறது, மறுநாள் விழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நிறைய பேர் குறிபார்க்கும் கோட்டுக்குச் சற்று விலகி நிற்கிறார்கள். கண் அதைக் கவனித்துவிடும். அடிக்கும் கடைசி நொடியில் கை தானாகவே கொஞ்சம் வளைந்து அந்தத் தவறைச் சரிக்கட்டும். கை சரியான அளவுக்கு வளைந்த நாளில் எல்லாப் பந்தும் விழும், மற்ற நாளில் விழாது. இப்படி ஆடுகிறவரிடம் "கையை நேராகக் கொண்டுபோ" என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? நிற்பது கோணலாகவே இருக்க, கை மட்டும் நேராகிவிடும். முன்பைவிட அதிகமாகத் தவறும். அவரும் சொன்னவர் மீது நம்பிக்கை இழந்து பழைய முறைக்கே திரும்பிவிடுவார். உங்கள் நண்பர்கள் சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது உங்கள் கோளாறுக்கான மருந்துதானா என்பதே கேள்வி.

இந்த ஆட்டத்தில் சின்னப் பிழைக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று பாருங்கள். பந்தின் விட்டம் சுமார் 57 மில்லிமீட்டர். கியூவால் நாம் அடிக்கும் வெள்ளைப் பந்து 1 மீட்டர் ஓடிப்போய் அடுத்த பந்தைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1 பாகை விலகிப் போனால் தொடும் இடத்தில் 17 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அடிபட்ட பந்து அதனால் ஏறக்குறைய 17, 18 பாகை விலகி ஓடும். பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பந்தைத் தவிர வேறெதுவும் விழாது. அதனால்தான் குறிபார்க்கும் சூத்திரங்களையும் பந்தைச் சுழலவிடும் ஸ்பின்னையும் முதல் நாளே ஆரம்பிக்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. நினைத்த கோட்டில் வெள்ளைப் பந்தை அனுப்பத் தெரிந்த பிறகுதான் அதற்கெல்லாம் அர்த்தம்.

நல்லவர் என்றால் முதல் வகுப்பில் நிறைய நேரம் பேசாமல் பார்ப்பார். பின்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து, நீங்கள் அடிக்கும் கோட்டின் எதிர்முனையிலிருந்து என்று நகர்ந்து நகர்ந்து பார்ப்பார். தலை அசைகிறதா, அடிக்கும் நொடியில் கியூவைப் பிடித்திருக்கும் கிரிப் இறுகுகிறதா, கியூவின் முன்பக்கத்தைத் தாங்கும் கையான பிரிட்ஜ் ஆடுகிறதா என்று கவனிப்பார். வீடியோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. ஏனென்றால் நாம் செய்வதாக நினைப்பது ஒன்று, உண்மையில் செய்வது இன்னொன்று. உங்கள் முதுகு, முழங்கால், கண் எல்லாவற்றையும் பற்றிக் கேட்டுவிட்டு அதற்கேற்ற மாதிரி நிற்க வைப்பார். "நான் நிற்கிற மாதிரியே நில்" என்று எல்லோருக்கும் ஒரே அச்சை வைத்திருப்பவர் வேண்டாம். ஒரே நாளில் ஆறு விஷயத்தை மாற்றச் சொல்பவரும் வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு போதும்.

சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பில்லியர்ட் காங்கிரஸ் போன்ற அமைப்புகள் பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் தருகின்றன. இருந்தால் நல்லதுதான், ஆனாலும் அவரிடம் படித்த இரண்டு பேரிடமாவது பேசிப் பாருங்கள். பூல் பயிற்சியாளர் கிடைக்காவிட்டால் கியூவாலேயே ஆடும் இன்னொரு ஆட்டமான ஸ்னூக்கரின் பயிற்சியாளரிடம் தாராளமாகப் போகலாம். நேராக அடிப்பதை அவர்கள் மிகக் கண்டிப்பாகச் சொல்லித் தருவார்கள்.

போவதற்கு முன்னால் நீங்களே ஒரு சோதனை செய்துகொண்டு போங்கள். வெள்ளைப் பந்தை டேபிளின் நீளவாட்டு நடுக்கோட்டில் வைத்து, எதிர்க் குஷனில், அதாவது டேபிளின் எதிர் விளிம்பில் பட்டுத் திரும்பி வரும்படி அடியுங்கள். அடித்து முடித்த நிலையிலேயே அசையாமல் இருங்கள். பந்து திரும்பி வந்து உங்கள் கியூவின் நுனியான டிப்பிலேயே பட வேண்டும். நேராகப் போய், குஷனில் பட்ட பிறகு பக்கவாட்டில் விலகினால், பந்தின் நடுவில் அடிக்கவில்லை, தெரியாமல் ஸ்பின் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். போகும்போதே கோட்டை விட்டு விலகினால் நிற்பதையோ கை போகும் திசையையோ பார்க்க வேண்டும். 20 தடவை அடித்து, எத்தனை தடவை எந்தப் பக்கம் விலகியது என்று எழுதி வையுங்கள். அந்தக் காகிதத்தைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள். அவர் அதை ஆர்வமாக வாங்கிப் பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். புதிய பழக்கம் கைக்கு வரும்வரை சில வாரம் உங்கள் ஆட்டம் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடும் பயிற்சியாளர் நேர்மையானவர். அந்த நாட்களில் பந்தயம் வைத்து ஆடாதீர்கள், ஜெயிக்க வேண்டும் என்றதுமே கை பழைய வழிக்கு ஓடிவிடும். தனியாக ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப அடித்துப் பழகுங்கள்.

பத்து வகுப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் ஒரே ஒரு வகுப்பு. வீட்டுக்கு வந்ததும், அடுத்த வாரம் எதைப் பயிற்சி செய்ய வேண்டும், ஏன் என்று உங்களால் இரண்டு வரியில் எழுத முடிகிறதா பாருங்கள். முடிந்தால் சரி, இரண்டாவது வகுப்புக்கு நேரம் கேளுங்கள்.